சாவு வீட்டுப் படிப்பும் பெர்னியின் சிரிப்பும்

பெர்னி என்கிற பெர்னடெட் ஸ்ட்ரோஸ்கிக்குப் பயம் வந்தால் சிரிப்பு வரும். சும்மா புன்னகை இல்லை. தோள் குலுங்கி, மூக்கு சிவந்து, பக்கத்தில் இருப்பவரையும் தொற்றிக்கொள்ளும் சிரிப்பு. அப்படிப்பட்ட மகராசி போயும் போயும் படித்தது என்ன தெரியுமா? இறுதிச்சடங்கு நடத்தும் படிப்பு. அமெரிக்காவின் பஃபலோ நகரில் பனி கொட்டினாலும் சாவு நிற்காது, சம்பளமும் நிற்காது என்று யாரோ ஏற்றிவிட, கடன் வாங்கிப் படித்துத் தேறினாள். சேர்ந்த முதல் நாளே, சவப்பெட்டியில் கிடந்த பெரியவரைப் பார்க்கக் குடும்பம் வந்த நேரத்தில் களுக்கென்று சிரித்துவிட்டாள். விதவை முறைத்தாள், அப்புறம் அவளும் சேர்ந்து சிரித்தாள். மாலையே வேலை போயிற்று. அடுத்தடுத்துப் போன இடங்களிலும் இதே கூத்துதான்.

கடைசியில் பள்ளிப் பேருந்து ஓட்டினாள். பிள்ளைகளுக்கு அவள் சிரிப்பு உயிர். கடனுக்கு அதெல்லாம் தெரியுமா? வட்டி குட்டி போட்டு மலையாகி, சம்பளத்திலேயே கைவைத்தது. முழங்கால் தேய்ந்து பாதி நாள் வேலைக்குப் போக முடியாதபோது மஞ்சள் கடுதாசி கொடுத்தாள். மற்ற கடனெல்லாம் கழன்றது. அரசாங்கம் கொடுத்த படிப்புக் கடன் மட்டும் உடும்புப் பிடி. அதற்கு அரசாங்கத்தின் மேலேயே தனி வழக்குப் போட்டு, இனி என்றைக்கும் கட்ட வழியில்லை என்று நீதிபதியை நம்பவைக்க வேண்டும். நடக்காத காரியம் என்று ஊரே சொல்வதால் பலர் கேட்டுப் பார்ப்பதுகூட இல்லை. பெர்னி கேட்டாள்.

இலவச வக்கீல் அலோன்ஸோ பிக்கெட் படித்துப் படித்துச் சொன்னார்: "கோர்ட்ல மட்டும் சிரிச்சிடாதீங்க மேடம். கஷ்டம்னு வந்து நின்னு பல்லைக் காட்டினா எவன் நம்புவான்?"

"நாக்கைக் கடிச்சுக்கறேன் தம்பி."

அரசு வக்கீல் ஓர் இளம்பெண். அரிசோனாவிலிருந்து புதிதாக வந்தவள். எடுத்த எடுப்பில் ஒரு படத்தை நீட்டினாள். அதில் பெர்னி ஒரு முழுப் பன்றித்தொடையைக் கைக்குழந்தைபோல் அணைத்துக்கொண்டு கூவிக்கொண்டிருந்தாள்.

"பொழுதுபோக்குக்குச் செலவே இல்லன்னு எழுதியிருக்கீங்க. இது என்ன?"

"கறிக் குலுக்கலும்மா. தீயணைப்பு நிலைய மண்டபத்துல நடக்கும். ஒரு டாலர் சீட்டு. சக்கரத்தைச் சுத்துவாங்க, நம்ம நம்பர் விழுந்தா கறி நமக்கு."

"அப்போ சூதாட்டம்!"

"ஐயய்யோ, அதைச் சாப்பாட்டுச் செலவுல எழுதியிருக்கேனே! அந்தத் தொடைய வச்சு ஒரு மாசம் சூப்பு வச்சேன்."

"எந்த மண்டபம்?" என்று நீதிபதி குறுக்கே கேட்டார். அவர் அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர்.

"ஹார்லோ தெருவுங்க ஐயா."

"அங்க பன்றி பேக்கன் நல்லா இருக்கும்" என்றவர், தான் இருக்கும் இடம் நினைவுக்கு வந்து தொண்டையைச் செருமிக்கொண்டார்.

அரசு வக்கீல் விடுவதாக இல்லை. "உங்ககிட்ட சான்றிதழ் இருக்கு. நல்ல சம்பளம் தர்ற தொழில். இப்பவும் போய்ச் சேர்ந்து கடனைக் கட்டலாமே? என்ன தடை?"

வழக்கே அந்த ஒரு கேள்வியில் தொங்கியது. பெர்னிக்குப் பயம் வந்துவிட்டது. நாக்கைக் கடித்தாள், உதட்டைக் கடித்தாள், ஒன்றும் பலிக்கவில்லை. களுக். அப்புறம் அணை உடைந்தது. பிக்கெட் கண்ணை மூடிக்கொண்டார். தட்டச்சு செய்துகொண்டிருந்த அம்மாள் முதலில் சிரித்துவிட்டாள். பிறகு வாயிற்காவலர். கடைசியில் கேள்வி கேட்ட பெண்ணே கோப்பால் முகத்தை மறைத்துக்கொண்டு குலுங்கினாள்.

பிக்கெட்டுக்குச் சட்டென்று பொறி தட்டியது. துள்ளி எழுந்தார்.

"ஐயா, தடை என்னன்னு கேட்டாங்க. இதுதான் தடை! உங்க வீட்டுச் சாவுக்கு இவங்களை நிக்க வைப்பீங்களா?"

நீதிபதி கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எங்க மாமா சாவுக்கு வேணா வைக்கலாம்" என்று முணுமுணுத்தார்.

தீர்ப்பு நாளன்று, கடன் வட்டியோடு முழுக்க நீங்கியது என்று படித்து முடித்ததும் எல்லோரும் பெர்னியைத் திரும்பிப் பார்த்தார்கள். தட்டச்சு அம்மாள் சிரிப்பு தொற்றினால் வாயைப் பொத்திக்கொள்ளக் கையைத் தூக்கித் தயாராகவே இருந்தாள். களுக் வரவே இல்லை.

"இப்ப தாராளமா சிரிக்கலாம் மேடம்" என்று பிக்கெட் முழங்கையால் இடித்தார்.

"வரமாட்டேங்குதே தம்பி. பயம் போயிடுச்சே, எதை வச்சுச் சிரிக்கறது?" என்றாள் பெர்னி. சொல்லிவிட்டு ஓவென்று அழுதாள்.