என் முடிச்சு அவிழாது

பிளாக்டவுனுக்குப் போகும் காலை ரயிலில், பென்டில் ஹில்லில் ஏறிய ஒரு வெள்ளைக்கார மனுசி என் சுவெற்றரில் ஒட்டியிருந்த முடியை இரண்டு விரலால் எடுத்து, யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "டோக்?" என்று கேட்டார். இந்த நாட்டில் முன்பின் தெரியாதவர் தோளில் யாரும் கை வைப்பதில்லை. பக்கத்தில் இடம் இருந்தாலும் எட்டப் போய் நிற்பார்கள். நாய் முடி என்று நினைத்ததும் அந்தக் கட்டுப்பாடெல்லாம் போய்விட்டது. அடியில் சாம்பல், நடுவில் வெள்ளை, நுனியில் கறுப்பு. அது நாயின் முடி இல்லை. செத்த மிருகத்தின் தோல் தைக்கப் போகிறேன் என்று சொல்ல எனக்கு இங்கிலீஷும் இல்லை, மனமும் இல்லை. ஊரில் நாலு பேர் மதித்த வீட்டுப் பெண் நான். "யெஸ்" என்றேன். "நேம்?" என்றார். யோசிக்கவே இல்லை, "வீரன்" என்று வாய் சொல்லிவிட்டது. முப்பது வருசமாக நான் வாயால் எடுக்காத பெயர் அது.

அன்றிலிருந்து மோரீன் என்ற அந்த மனுசி என் பக்கத்தில்தான் இருப்பார். "வீரன் ஓகே?" என்பார். "ஓகே" என்பேன். வீரன் சாப்பிட்டானா, தூங்கினானா, மழைக்குப் பயப்படுவானா என்று கையாலும் கண்ணாலும் கேட்பார். எனக்கு விளங்காததற்கும் தலையாட்டுவேன். இப்படி இல்லாத நாய் ஒன்று சிட்னியில் வளரத் தொடங்கியது.

நான் போகும் இடம் பிளாக்டவுன் ஸ்டேஷனிலிருந்து பத்து நிமிட நடையில் இருக்கும் ஒரு தகரக் கொட்டகை. முதலாளி கெவின், அறுபது வயது தாண்டிய வெள்ளைக்காரர். கனடாவிலிருந்து கயோட்டி என்ற மிருகத்தின் பதனிட்ட தோல்களைப் பெட்டி பெட்டியாக எடுப்பிக்கிறார். நல்ல தோல்கள் பெரிய கம்பெனிகளுக்குப் போய்விடும். இவர் எடுப்பது கழித்துவிட்ட தோல்கள்: குண்டு துளைத்தது, ஒன்றையொன்று கடித்துக் கிழித்தது, சொறி பிடித்து முடி கொட்டியது. அவற்றை வெட்டித் தைத்துச் சீராக்கி, குளிர்ச்சட்டையின் தலைமூடி ஓரத்துக்கும் கட்டில் விரிப்புக்கும் விற்கிறார்.

என்னை அங்கே கூட்டிப் போனவள் வாசுகி. நாற்பதைத் தாண்டியவள். கப்பலில் வந்து, வில்லாவுட் அகதித் தடுப்பு முகாமில் கிடந்து, இப்போது தற்காலிக விசாவில் இருக்கிறாள். நான் வென்ட்வேர்த்வில்லில் மகள் வீட்டில் இருந்து சட்டை தைத்துக் கொடுத்தபோது என் தையலைப் பார்த்துவிட்டு, "அன்ரி, உங்கட கைக்கு ஒரு வேலை இருக்கு. ரோமத்தோல் தைக்கிறது" என்றாள். செம்மறி என்று நினைத்தேன். மகள், "அம்மா, உங்களுக்கு இங்கை என்ன குறை? சனம் என்ன சொல்லும்?" என்றாள். "உன்ரை சனம் எனக்கு ரயில் டிக்கெற் எடுத்துத் தருமோ?" என்று கேட்டுவிட்டு வந்தேன்.

முதல் நாள் பெட்டியைத் திறந்தேன். மேலே கிடந்ததற்கு இரண்டு காது இருந்தது. மூக்கு இருந்தது. கண் இருந்த இடத்தில் இரண்டு கீறல். எங்கள் நரியையும் நாயையும் சேர்த்துப் பிசைந்தது போன்ற முகம். கை பெட்டியிலேயே நின்றுவிட்டது. ஒரு கதிரையைத் தேடி அதில் இருந்தேன். வாசுகி தண்ணீர் தந்தாள். கெவின் தூர நின்று பார்த்து, எனக்குப் பிரஷர் என்று நினைத்து, ஒரு வாழைப்பழம் கொண்டுவந்து நீட்டினார். எழும்பிப் போயிருப்பேன். இவள் மெத்தப் பெருமை பேசிப் போனாள், அரை நாளில் திரும்பி வந்தாள் என்று மகள் வீட்டில் கேட்க எனக்குச் சம்மதமில்லை. ஊசியைக் கொடு என்றேன்.

அந்த ஊசிக்கு மூன்று விளிம்பு. நூலில் தேன்மெழுகு பூச வேண்டும். முடியை வெட்டிவிடாமல், தோலின் பின்பக்கத்தில் பிளேட்டால் கீற வேண்டும். குண்டு துளைத்த ஓட்டையை வட்டமாக வெட்டினால் தைத்தபின் சுருங்கும். வேப்பிலை வடிவத்தில் வெட்ட வேண்டும். தைக்கும்போது முடியை ஒவ்வொன்றாக உள்ளே தள்ளிவிட வேண்டும். தைத்து முடிந்தால் பின்பக்கத்தை ஈரமாக்கி, இழுத்துப் பலகையில் ஆணியால் குத்தி இரவு முழுக்க விட்டால் தையல் படிந்துவிடும். இரண்டு கிழமையில் எல்லாம் பழகிவிட்டது. மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான், ஆனால் என் முடிச்சு அவிழாது. கெவின் முடிப்பக்கத்தைத் தடவித் தடவித் தையலைத் தேடுவார். வாசுகி சிரிப்பாள்: "அன்ரி, உங்கட தையலைப் பிடிக்கப் பொலிஸ் நாய்தான் வரவேணும்."

ஆனாலும் தொட்டது பிணம் அல்லவா. கைப்பையில் ஒரு சின்னப் போத்தலில் மஞ்சள் தண்ணீர் வைத்திருப்பேன். வேலை முடிந்ததும் தலையில் தெளித்துக்கொண்டுதான் ரயில் ஏறுவேன். வீட்டில் பின்பக்கத்தால் போய், குளித்து, அதன் பிறகுதான் சமைக்கக் குசினிக்குள் கால் வைப்பேன்.

போன குளிர்காலத்தில் ஒரு விரிப்புக்குப் பன்னிரண்டு தோல் கேட்டு ஓடர் வந்தது. ஒரே நிறத்தில் பன்னிரண்டு பொறுக்குவது பெரும்பாடு. பன்னிரண்டாவதை வாசுகி என் மேசையில் போட்டாள். குண்டு இல்லை, கடி இல்லை. கழுத்தைச் சுற்றி மட்டும் ஒரு விரல் அகலத்துக்கு முடி இல்லை. தோல் அந்த இடத்தில் வரி வரியாக நசிந்து கிடந்தது. இது என்ன என்று கெவினிடம் கையைக் காட்டிக் கேட்டேன். அவர் மேசையில் கிடந்த நூலை எடுத்து, சுருக்குப் போட்டு, தன் மணிக்கட்டை அதற்குள் விட்டு இழுத்துக் காட்டினார். கம்பிக் கண்ணி. இழுக்க இழுக்க இறுகும். மிருகம் சாகும் வரை இழுத்துக்கொண்டே இருக்கும். அவர் அதைப் பூட்டுத் திறக்கக் காட்டித் தருவதுபோலச் சாதாரணமாகக் காட்டினார். என் கண்ணுக்கு அவருடைய மணிக்கட்டு தெரியவில்லை. எங்கள் வீட்டுக் கிணற்றடித் தூண்தான் தெரிந்தது.

ஊரோடு சனம் இடம்பெயர்ந்த நாள். மழை. ஷெல் விழும் சத்தம் கிட்டக் கிட்ட வந்தது. என் வீட்டுக்காரர் சைக்கிளில் மூட்டையைக் கட்டிக்கொண்டு நின்றார். மகள் சின்னப்பிள்ளை, என் சீலையைப் பிடித்தபடி. எங்கள் நாய் வீரன் படலை தாண்டி எங்களோடு வந்துவிட்டான். தெருவில் கால் வைக்க இடமில்லை, சனத்தின் காலுக்குள்ளும் சைக்கிள் சில்லுக்குள்ளும் அகப்பட்டுக் கத்தினான். "கட்டிப்போட்டு வா, ரெண்டு நாளிலை திரும்பிடுவம்" என்றார் அவர். நான்தான் திரும்பிக் கொண்டுபோனேன். ஆட்டுக் கயிறு. கிணற்றடித் தூணில் கட்டினேன், நிழலும் தண்ணீரும் இருக்கும் என்று. ஒரு சட்டியில் சோறு வைத்தேன். இழுத்துப் பார்த்தேன், முடிச்சு இறுக்கமாக இருந்தது. அவன் என் கையை நக்கினான். விளையாட்டு என்று நினைத்திருப்பான்.

இரண்டு நாள் ஆறு மாதமாயிற்று. திரும்பி வந்தபோது மற்றவர்கள் வீட்டைப் பார்க்க ஓட, நான் கிணற்றடிக்குப் போனேன். தூணில் கயிறு இருந்தது. என் முடிச்சு அவிழவில்லை. சுருக்குக்குள் கொஞ்ச முடி இருந்தது, மற்றதெல்லாம் ஆறு மாதத்தில் மண்ணோடு போயிருந்தது. தூணைச் சுற்றி மண் வட்டமாகக் கிண்டப்பட்டிருந்தது. கயிற்றை வெட்டி அடுப்பில் போட்டுவிட்டு, "கயித்தைக் கடிச்சுக்கொண்டு ஓடிட்டான், எங்கையும் நல்லா இருப்பான்" என்று மகளிடம் சொன்னேன். அவள் கனகாலம் தெருவில் போகும் நாய்களுக்கெல்லாம் வீரன் என்று குரல் கொடுத்தாள். அவருக்கும் நான் உண்மை சொல்லவில்லை. அவர் போய்ச் சேர்ந்துவிட்டார்.

இந்தத் தோலை நான் தைக்கமாட்டேன் என்றேன் வாசுகியிடம். "அன்ரி, பதின்மூண்டாவது தோல் இல்லை. இந்த ஓடர் தவறினா ஒராளை நிப்பாட்ட வேணும் எண்டு கெவின் சொல்லிப்போட்டார். போன மாதம் நான் ரெண்டு தோலைப் பழுதாக்கினனான். அந்த ஒராள் நான்தான். வேலை இல்லையெண்டா என்ரை விசாக் கேஸுக்கு என்னத்தைக் காட்டுறது?" அவள் அழவில்லை. அழாமல் கேட்பவளுக்கு மறுப்புச் சொல்வது கஷ்டம்.

தைத்தேன். அந்த வளையத்தை நேராக வெட்டினால் கோடு தெரியும் என்று, கதிரறுக்கும் அரிவாளின் பல்லுப்போலப் பல்லுப் பல்லாக வெட்டி எடுத்து, இரண்டு விளிம்பையும் பல்லுக்குள் பல்லாகக் கோத்துத் தைத்தேன். மாலையாயிற்று. வாசுகி குப்பை கொட்டப் போயிருந்தாள். பின்பக்கத்தை ஈரமாக்க வேண்டும். தண்ணீர்க் கோப்பை பக்கத்தில்தான் இருந்தது. என் கை கைப்பைக்குள் போனது. சட்டியில் சோறு வைத்தும் வீரனின் தொண்டைக்கு ஒரு மிடறு தண்ணீர் கொடுக்காத கை இது. மஞ்சள் போத்தலைக் கவிழ்த்து, அந்தக் கழுத்து முழுக்க நனைத்தேன். பின்பக்கம்தானே, துணி வைத்து மூடிவிடுவார்கள், யார் பார்க்கப்போகிறார்கள் என்று நினைத்தேன். பலகையில் குத்திவிட்டு வந்தேன்.

காலையில் போனபோது கெவின் தோலைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு நின்றார். கயோட்டியின் தொண்டை முடி பாலாடை நிறம். இரவோடு இரவாக மஞ்சள் ஊசித் துளைகளால் கசிந்து இந்தப் பக்கம் வந்திருந்தது. நான் வெட்டி எறிந்த வளையம் இருந்த அதே இடத்தில், அதே அகலத்தில், மஞ்சளாக ஒரு வளையம்.

கெவின் வாசுகியைத்தான் பார்த்துப் பேசினார். என்ன மருந்தை ஊற்றினாய் என்று கேட்கிறார் என்பது எனக்கும் விளங்கியது. அவளுக்குத் தெரியும் அது மஞ்சள் என்று. மணம் பிடித்தாலே தமிழ்ப்பெண்ணுக்குத் தெரியாதா. என்னைக் காட்டிக்கொடுக்காமல் நின்றாள்.

"பிள்ளை, நான்தான் செய்தது எண்டு சொல்லு."

"விடுங்கோ அன்ரி."

"சொல்லு. ஏன் செய்தனான் எண்டும் சொல்லு."

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். மழை, தெரு, தூண், முடிச்சு. முப்பது வருசத்தில் முதல் தடவை. நான் ஒரு வசனம் சொல்ல அவள் அதை இங்கிலீஷில் சொன்னாள். என் வாயால் வரும்போது நடுங்கிய விஷயம், அவள் வாயால் போகும்போது கடைச் சாமான் பட்டியல்போல ஒலித்தது. ரோப், வெல், சிக்ஸ் மந்த்ஸ். சொல்லி முடிய கெவின் ஏதோ கேட்டார். வாசுகி மொழிபெயர்க்கவில்லை.

"என்னவாம்?"

"ஒண்டுமில்லை அன்ரி."

"என்னவெண்டு சொல்லடி."

"ஏன் நாயைக் காரிலை ஏத்திக்கொண்டு போகேல்லையாம்."

அவர் கேலியாகக் கேட்கவில்லை. கண் கலங்கித்தான் கேட்டார். எந்த வீட்டிலும் கார் நிற்கும் நாட்டில் பிறந்த மனுசன். கோபப்பட என்னிடம் ஒன்றுமில்லை. "கார் இருக்கேல்லை எண்டு சொல்லு. மஞ்சள் வெயிலிலை போகும் எண்டும் சொல்லு. ரெண்டு நாள் தரச் சொல்லு" என்றேன்.

கொட்டகைக்குப் பின்னால் ஒற்றைத் தூணில் சுழலும், உடுப்புக் காயப்போடும் கம்பி ஒன்று நிற்கிறது. அதில் தோலைக் கவ்விக் கொழுவினேன். காற்றுக்கு அது தூணைச் சுற்றிச் சுற்றி வந்தது. பார்க்க முடியாமல் உள்ளே வந்துவிட்டேன். சீலையில் மஞ்சள் கறை பட்டால் வெயிலில் போடுவது நமக்கெல்லாம் தெரிந்ததுதான். இந்த ஊர் வெயிலோ குளிர்காலத்திலும் எரிக்கும். இரண்டாம் நாள் பின்னேரம் மஞ்சள் இல்லை. கெவின் கழுத்தைத் தடவினார், ஊதிப் பார்த்தார், வெளிச்சத்தில் பிடித்தார். கம்பித் தடமும் இல்லை, தையலும் இல்லை. "பெர்ஃபெக்ட்" என்றார். வாசுகியிடம் "சாரி" என்றார். அவள் வேலை தப்பியது. எனக்குத்தான் அந்த "பெர்ஃபெக்ட்" கன்னத்தில் அறைந்ததுபோல இருந்தது. ஒரு உயிர் இழுத்து இழுத்துச் செத்ததற்கு இருந்த ஒரே சாட்சி அந்த வளையம். அதை உலகத்தில் யாரும் கண்டுபிடிக்க முடியாதபடி அழித்தவள் நான். இரண்டாவது தடவையாக.

அதனால்தான் எழுத்துக்கூட்டி எழுத்துக்கூட்டி இதை எழுதுகிறேன். என் மகளுக்கும் இதை வாசிக்கும்போதுதான் தெரியவரும். வீரன் கயிற்றைக் கடிக்கவில்லை, பிள்ளை.

இன்று காலையும் மோரீன் வந்தார். என் தோளிலிருந்து ஒரு முடியை எடுத்தார். நான் வேலைக்குப் போகும்போது வீரனைக் கட்டிவிட்டா போகிறேன் என்று, தன் கழுத்தைச் சுற்றி விரலால் வளையம் போட்டுக் கேட்டார்.

"நோ" என்றேன். "நோ ரோப்."

அவர் நல்லது என்று என் கையைத் தட்டிவிட்டு, முடியை என் உள்ளங்கையில் வைத்தார். விரலை மூடிக்கொண்டேன். கிணற்றடியில் அவன் கட்டியபடியே கிடக்கிறான். இந்த ரயிலில் மட்டும், வென்ட்வேர்த்வில்லில் ஏறிப் பிளாக்டவுனில் இறங்கும் வரைக்கும், நாலு ஸ்டேஷன் தூரம், என்னோடு அவிழ்த்துவிட்டபடி இருக்கிறான். கதவு திறந்ததும் நான் மட்டும் இறங்கினேன்.