எல்லாத்தையும் ஊத்துங்க, அத்தா

தண்ணீரை நாற வைப்பது நினைக்கிற மாதிரி சுலபமான காரியம் இல்லை. ஒன்பது வயதில் பதினோரு நாள் மெனக்கெட்டவள் என்ற முறையில் சொல்கிறேன். மொட்டை மாடியில் ஒரு நீல டிரம், அதில் முக்கால்வாசி தண்ணீர், மேலே இறுக்கிய மூடி. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையைக்கூடக் கழற்றாமல் மாடிக்கு ஓடி, மூடியைத் திறந்து மோந்து பார்ப்பேன். ஒரு வாடையும் வராது. எனக்கு அழுகை அழுகையாக வரும். எட்டாம் நாள் பொறுமை போய், பழைய சோற்றையும் ஒரு பிடி வைக்கோலையும் உள்ளே போட்டு மூடினேன். பதினோராம் நாள் பக்கத்து வீட்டுக்காரர்கள், எங்கேயாவது ஆட்டுக்குட்டி செத்துக் கிடக்கிறதா என்று கேட்டுக்கொண்டு வந்தார்கள். நான் மாடியில் குதித்துக்கொண்டிருந்தேன்.

இதெல்லாம் என்னைப் பெற்ற அத்தாவுக்காக. எங்கள் ஊர் லப்பைக்குடிக்காட்டில் பாதி வீடுகளில் அத்தாமார்கள் போனுக்குள்தான் குடியிருப்பார்கள். என் அத்தாவும் அப்படித்தான். வளைகுடாவில் சரக்கு ஏற்றும் ஒரு சின்னப் படகில் சமையல்காரர். படகில் அவரோடு சேர்த்து ஆறு பேர். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் போன் வரும். அம்மா பேசி முடித்த பிறகு எனக்கு இரண்டு நிமிஷம் கிடைக்கும்.

ஒரு வெள்ளிக்கிழமை அத்தா சொன்னார்: "எல்லாம் நல்லாத்தாம்மா இருக்கு. குடிக்கிற தண்ணிதான் நாறுது. அழுவுன முட்டை மாதிரி. டீ போட்டாலும் அந்த வாடைதான்."

ஏலக்காய் தட்டிப் போடச் சொன்னார் அம்மா. அடுத்த வாரம் பதில் வந்தது: "இப்ப ஏலக்கா போட்ட அழுவுன முட்டை மாதிரி இருக்கு."

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை. அதற்கும் அடுத்த வாரம், படகில் இரண்டு பேருக்கு வயிற்றால் போகிறது, தனக்கும் சரியில்லை என்று அத்தா சொன்னதைப் பக்கத்தில் நின்று கேட்டுவிட்டேன். போனை வைத்த அம்மா சமையல்கட்டில் போய் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு அழுதார். பயந்துவிட்டேன். அத்தா குடிக்கிற தண்ணீரை எப்படியாவது நல்ல தண்ணீராக்கிவிட வேண்டும் என்று அன்றைக்குத் தீர்மானித்தேன். நான் ஒன்றைத் தீர்மானித்தால் என்ன ஆகும் என்பது எங்கள் தெருவுக்கே தெரியும். வேண்டாம் என்று சொன்னவர்கள்தான் கடைசியில் களைத்துப் போவார்கள்.

தண்ணீரைப் பற்றி எனக்குத் தெரிந்த ஒரே ஆள், ஊர்த் தொட்டிக்கு மோட்டார் போட்டுவிடுகிற மாமா. அவர் சைக்கிளில் ஏறப் போகும்போது ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு விஷயத்தைச் சொன்னேன். வந்த சிரிப்பை அடக்கிக்கொண்டு, பெரிய மனுஷியிடம் பேசுகிற மாதிரியே பேசினார்.

"டேங்க்க முழுசா காலி பண்ணணும் பாப்பா. உள்ள சுவத்துல வழவழன்னு புடிச்சிருக்கும், அதத் தேய்ச்சு எடுக்கணும். பிளீச்சிங் பவுடர வாளியில கரைச்சு, தெளிய வச்சு, தெளிஞ்சத மட்டும் ஊத்தி ஒரு ராத்திரி வுட்டுடணும். பைப்பெல்லாம் தொறந்து அதையும் வெளிய வுட்டுட்டு, அப்புறமாத்தான் புதுத் தண்ணி." பெடலில் கால் வைத்தவர் திரும்பிக் கேட்டார்: "பொழங்காம கெடக்கற தண்ணிதான் இப்புடி நாறும். ஒங்க அத்தா படகு ஓடுதா, நின்ன எடத்துலயே நிக்குதா?"

படகென்றால் ஓடத்தானே செய்யும்! இந்த மாமாவுக்குப் படகைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன். இருந்தாலும் ஒரு பொட்டலம் பவுடரை அவரிடம் கேட்டு வாங்கிக்கொள்ள மறக்கவில்லை.

சரியாகத் தெரியாத வைத்தியத்தை அத்தாவுக்குச் சொல்லக் கூடாது அல்லவா? அதற்காகத்தான் அந்த டிரம். நாறியதும், முதலில் சோம்பல்பட்டு, பாதித் தண்ணீரை மட்டும் இறைத்துவிட்டுப் புதுத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். இரண்டே நாளில் பழைய நாற்றம் திரும்பிவிட்டது. சரி, இனி விளையாட்டில்லை என்று டிரம்மைக் கவிழ்த்து, தலையை உள்ளே விட்டு, தேங்காய் நாரால் தேய்த்தேன். மாமா சொன்னபடி பவுடரைக் கரைத்தேன், தெளிய வைத்தேன், ஊற்றினேன். விரல் நுனியெல்லாம் தோல் உரிந்தது. பெருநாளுக்கு எடுத்த கருநீலப் பாவாடை முழுக்க வெள்ளைப் புள்ளி விழுந்தது. அம்மா கரண்டிக் காம்பால் இரண்டு போட்டார். வாங்கிக்கொண்டு மறுபடி மாடிக்கே போனேன். புதுத் தண்ணீர் ஊற்றி ஐந்து நாள் மூடி வைத்துத் திறந்தால் துளி நாற்றம் இல்லை. எனக்கே என்னை நினைத்துப் பெருமையாக இருந்தது.

வெள்ளிக்கிழமை அம்மாவின் கையிலிருந்து போனைப் பறித்துக்கொண்டேன். ஸலாம்கூட ஒழுங்காகச் சொல்லவில்லை. மூச்சு விடாமல் எல்லாவற்றையும் ஒப்பித்தேன்.

"எல்லாத்தையும் கீழ ஊத்தணுமாம்மா?" என்றார் அத்தா.

"ஆமாத்தா. ஒரு சொட்டு மிச்சம் இருக்கக் கூடாது."

"பாதி ஊத்துனாப் போதாதா?"

"போதாது. நானே செஞ்சு பாத்துட்டேன். எல்லாத்தையும் ஊத்துங்கத்தா. நாத்தத் தண்ணிய வச்சுக்கிட்டு என்னா பண்ணப் போறீங்க?"

"பாப்போம்மா."

"பாப்போம்லாம் இல்ல. சோம்பேறித்தனம் படாதீங்க!"

அத்தா சிரித்தார். அப்போது தொட்டி மாமா கேட்டது ஞாபகம் வந்து, "அத்தா, ஒங்க படகு ஓடுதுல்ல?" என்று கேட்டேன். பதில் இல்லை. சிக்னல் போய்விட்டது என்று நினைத்து, "ஹலோ, அத்தா, படகு ஓடுதுல்ல?" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி மறுபடி கத்தினேன். "ஓடுதும்மா, ஓடுது" என்றார். அதோடு அம்மா போனை வாங்கிக்கொண்டார்.

நான் அதோடு விடவில்லை. அம்மாவின் போனில் குரல் பதிவு செய்து, முதல் நாள் என்ன செய்ய வேண்டும், மறுநாள் என்ன செய்ய வேண்டும் என்று வரிசையாக அனுப்பினேன். ஒவ்வொன்றின் கடைசியிலும், எல்லாத்தையும் ஊத்துங்க, சோம்பேறித்தனம் படாதீங்க என்று ஒரு அதட்டல். இரண்டு வாரம் கழித்து அத்தா சொன்னார்: "நாத்தம் போயிடுச்சும்மா. மாஷா அல்லா, ஒன் வைத்தியம்தான்." வகுப்பில் ஒரு பிள்ளை விடாமல் எல்லோரிடமும் சொன்னேன். தொட்டி மாமாவின் சைக்கிளை நிறுத்தி அவரிடமும் சொன்னேன். கடலில் போகிற படகையே சரி செய்தவள் என்ற திமிரில் கொஞ்ச நாள் யாரையும் மதிக்காமல் திரிந்தேன்.

சில மாதம் கழித்து அத்தா வந்தார். கையில் ஒரே ஒரு துணிப்பை. சாக்லேட் இல்லை, சென்ட் பாட்டில் இல்லை. கன்னம் ஒட்டிக் கிடந்தது. சாக்லேட் வாங்கி வராத கோபத்தில் நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். அவரோ, "எங்கம்மா ஒன் டிரம்மு?" என்று கேட்டு மாடிக்கு ஏறினார். மூடியைத் திறந்து மோந்தார். அப்படியே இரண்டு கையாலும் அள்ளிக் குடித்தார். "ஐயய்யோ, அது பொழங்கற தண்ணிங்க!" என்று அம்மா படியிலிருந்து கத்தினார். அத்தா காதில் போட்டுக்கொள்ளாமல் இன்னும் ஒரு தடவை அள்ளினார். அதற்குப் பிறகு அவர் வளைகுடாவுக்குப் போகவே இல்லை. பெரம்பலூரில் ஒரு ஓட்டலில் சமையலுக்குச் சேர்ந்துவிட்டார்.

போன வருஷம் எனக்கு நிக்காஹ் நடந்தது. அத்தாவோடு படகில் இருந்த ஒருவர், கடலூர்ப் பக்கத்துக்காரர், மனைவியோடு வந்திருந்தார். என்னைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி: "எல்லாத்தையும் ஊத்துங்கன்னு திட்டுனது நீதானாம்மா?"

நான் பெருமையாகத் தலையாட்டினேன். அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

"நல்லவேளை ஒங்கத்தா ஊத்தல. ஊத்தியிருந்தா நாங்க இல்ல. ஏழு மாசம்மா, நங்கூரம் போட்ட எடத்துலயே நின்னோம். மொதலாளி எங்கயோ ஓடிட்டான், கரையில எறங்கக் காயிதம் இல்ல. மனசு வந்து யாராச்சும் கொண்டாந்து குடுத்தாத்தான் தண்ணி. இருக்கற தண்ணிய ஒங்கத்தா மக்குல அளந்து, கொதிக்க வச்சு, அடுப்புக் கரியில வடிகட்டிக் குடுப்பாரு. ஒரே ஒரு கேன மட்டும், கப்பல் கழுவற பிளீச்ச வச்சு நீ சொன்ன மாதிரியே தேய்ச்சுக் கழுவுனாரு. வடிகட்டுன தண்ணி அதுல மட்டுந்தான் இருக்கணும்னு ஒரே புடி."

மறுபடி அவரே, "சார்ஜ் இருக்கற அன்னைக்கு ஒன் பேச்சப் போட்டுக் காட்டுவாரு. சோம்பேறித்தனம் படாதீங்கன்னு நீ அதட்டுவ. நாங்க ஆறு பேரும் சிரிப்போம். அந்த ஏழு மாசத்துல சிரிச்சதுன்னா அதுக்குத்தான்" என்றார்.

அவரோடு சேர்ந்து நானும் சிரிக்க ஆரம்பித்தேன். சிரித்து முடிக்க முடியவில்லை. பந்தி நடந்துகொண்டிருந்த பக்கம் பார்த்தேன். அத்தா தண்ணீர் ஜக்குகளை ஒவ்வொன்றாக எடுத்து, மூக்கருகில் கொண்டுபோய், பிறகு இலைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டிருந்தார். எத்தனையோ விருந்தில் அவர் அப்படிச் செய்வதைப் பார்த்து நான் கேலி செய்திருக்கிறேன்.

எல்லாத்தையும் ஊத்துங்க என்று நான் சொன்னதற்குக்கூட அவ்வளவு வெட்கப்படவில்லை. அது தெரியாமல் சொன்னது. படகு ஓடுகிறதா என்று கேட்டேனே, அப்போது போனில் அத்தாவின் குரல்தான் வரவில்லை. அவர் பக்கத்தில் காற்றுச் சத்தம் தெளிவாகக் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. சிக்னல் போகவே இல்லை. அந்த ஒரு கேள்விக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியாமல் அத்தா நின்றுகொண்டிருந்தார். நான் அவரை விடாமல், அதே கேள்வியை இன்னும் சத்தமாக இரண்டாவது தடவையும் கேட்டேன்.