நாலாயிரத்துத் தொண்ணூற்றாறு பெட்டிகள்

மருத்துவமனையின் பழைய கட்டடத்தில், மாடிப்படிக்குக் கீழே ஒரு அறை உண்டு. கையை விரித்தால் இரண்டு பக்கச் சுவரும் தட்டும். ஓர் இரும்பு அலமாரி, அதில் ஒரு சர்வர், ஒரு நாற்காலி, ஓயாமல் உறுமும் ஏசி, அவ்வளவுதான். அந்த அறைக்கு ஆறு வருஷமாகப் பொறுப்பாக இருப்பவளை மருத்துவமனையில் ‘சர்வர் மேடம்’ என்பார்கள். வீட்டில் அவள் பெயர் எறும்பு.

அந்தப் பெயரை வைத்தவள் அக்கா. தங்கை ஐந்து வயதில், சர்க்கரை டப்பாவுக்கு வந்த எறும்பு வரிசையைப் பின்தொடர்ந்து தவழ்ந்தே போய், அலமாரிக்குப் பின்னால் அவை புறப்படுகிற ஓட்டையைக் கண்டுபிடித்த பிறகுதான் சாப்பிட வந்தாளாம். அக்கா எட்டாவதோடு படிப்பை நிறுத்திவிட்டுத் தையலில் உட்கார்ந்தவள். வீட்டின் முன்னறைதான் அவள் கடை. தங்கை கம்ப்யூட்டர் டிப்ளமோ முடித்து, மூன்று வருஷம் ஏணியில் ஏறி கேபிள் இழுத்து, பிறகுதான் ஒப்பந்த வேலையாக மருத்துவமனைக்குப் போனாள். ஒப்பந்தத்தை வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும்.

ரத்தப் பரிசோதனை முடிவுகளை லேபிலிருந்து வாங்கி, வார்டுகளின் திரைகளுக்கு அனுப்புவது அந்த சர்வரின் வேலை. லினக்ஸில் ஓடுவது. ஐந்து வருஷமாக ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் ஓடிய இயந்திரம், புது நெட்வொர்க் கார்டு போட்ட பிறகு எட்டு நாளுக்கு ஒருமுறை மூச்சு முட்டி நிற்க ஆரம்பித்தது. நின்றால் முடிவுகளைத் தாளில் எழுதிக்கொண்டு ஆட்கள் மாடி ஏறி ஓட வேண்டும். பழைய கார்டு செத்தபோது புதியதைத் தேர்ந்தெடுத்தவளும் பொருத்தியவளும் எறும்புதான். ஆகவே எல்லோருடைய விரலும் ஒரே பக்கம் நீண்டது.

நிர்வாக அதிகாரி கெட்டவர் இல்லை, பொறுமை இல்லாதவர். அவர் ஒரு வழி சொன்னார்.

“வாராவாரம் வெள்ளிக்கிழமை மதியம் ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க. விஷயம் முடிஞ்சது.”

“சார், அது ஏன் நிக்குதுன்னு...”

“ஏன்னு தெரிஞ்சு என்னம்மா பண்ணப்போறோம்? ஓடுதா, அது போதும்.”

ஓடத்தான் செய்தது. ஆனால் அணைத்து எழுப்பப் பன்னிரண்டு நிமிஷம் ஆகும். அந்தப் பன்னிரண்டு நிமிஷமும் அவசரப் பிரிவுக்கு ஒரு முடிவும் போகாது. அவசரப் பிரிவின் தலைமை நர்ஸ் வெள்ளிக்கிழமை தோறும் தானே இறங்கி வந்து லேப் வாசலில் தாளுக்கு நிற்பார். படிக்கட்டுக்குக் கீழே ஒருமுறை எட்டிப்பார்த்தார்.

“மேடம், வெள்ளிக்கிழமை மதியம் யாரும் மயக்கம் போட்டு விழக் கூடாதுன்னு வாசல்ல ஒரு போர்டு வச்சிடலாமா?”

எறும்பு சிரிக்கவில்லை. அவர் சொன்னதில் பாதிதான் வேடிக்கை என்று அவளுக்குத் தெரியும்.

ஒரு வெள்ளிக்கிழமை அவள் விடுப்பில் இருந்தபோது யாரும் அணைக்கவில்லை. அடுத்த நாளே சர்வர் நின்றது. திங்கட்கிழமை அதிகாரி அவளைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். உட்காரச் சொன்னதிலேயே பாதி புரிந்தது.

“இந்த மாசத்துல இன்னொரு தடவை நின்னா, அந்த ரூமை வெளிக் கம்பெனிகிட்ட ஒப்படைக்கச் சொல்லி மேல எழுதிடுவேன். உங்க ஒப்பந்தமும் மாசக் கடைசியிலதான் முடியுது. நேராச் சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க.”

“இல்ல சார்.”

மாசக் கடைசிக்கு இருபத்தாறு நாள் இருந்தது.

அன்றே அவள் ஒரு புது நோட்டைத் திறந்து கோடு போட்டாள். ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை எண்களை எழுதினாள். சர்வரில் ஓடும் நிரல்களின் பட்டியலில் எதுவும் பெரிதாகவில்லை. எல்லாம் இருந்த அளவிலேயே இருந்தன. ஆனால் மொத்த நினைவகம் மட்டும் குறைந்துகொண்டே வந்தது. வீட்டில் யாரும் சாப்பிடவில்லை, பானை மட்டும் காலியாகிறது என்ற கதை. அப்படியானால் தின்பது வெளியாள் இல்லை. எல்லா நிரல்களுக்கும் அடியில் இருந்து இயந்திரத்தை நடத்துகிற கெர்னல்தான். கெர்னல் தனக்காக எடுத்துவைத்திருக்கும் இடங்களின் கணக்கைப் பார்க்க ஒரு கட்டளை உண்டு. அதில் இரண்டு கிலோபைட் அளவுள்ள பெட்டிகளின் எண்ணிக்கை ஒன்று மட்டும் ஏறிக்கொண்டே போனது, இறங்கவே இல்லை.

வீட்டில் சாப்பிடும்போது அக்கா கேட்டாள். “முகம் ஏன் இப்படி இருக்கு?”

“சர்வர்ல நினைவகம் கசியுது.”

“எங்க ஒழுகுது? தரையில தண்ணி நிக்குதா?”

“ஐயோ அக்கா, ஈரமே கிடையாது.” எறும்பு தட்டைத் தள்ளிவைத்தாள். “இப்ப பாரு. வர்ற துணியைப் போட உன் அலமாரியில காலிப் பெட்டி எடுத்து வைக்கறே இல்ல? தச்சு முடிச்சதும் பெட்டியைத் திருப்பி அலமாரியில வைக்கணும். வைக்காம மறந்துட்டு, மறுபடி புதுப் பெட்டி எடுத்தா?”

“எடுத்த பெட்டி எங்க போச்சு?”

“அங்கேயேதான் இருக்கும். ஆனா அது யாருதுன்னு யாருக்கும் ஞாபகம் இருக்காது. யாரும் தொடவும் முடியாது. கடைசியில அலமாரியில பெட்டியே இருக்காது.”

அக்கா கொஞ்சம் யோசித்தாள். “என் கடையில இப்படிப் பண்ற பொண்ணை அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பிடுவேன். எவ அவ?”

“அதைத்தான் தேடறேன்.”

“கண்டுபிடிச்சா எங்கிட்ட கூட்டிட்டு வா” என்று சொல்லிவிட்டு அக்கா தட்டை எடுத்துப் போனாள். மறுநாள் காலையில் ரவிக்கைக்கு அளவு கொடுக்க வந்த ஒரு அம்மாவிடம், “என் தங்கச்சிதான் அந்த ஆஸ்பத்திரிக்கே டாக்டர் மாதிரி. அவ கை வைக்கலைன்னா ஒரு ரிப்போர்ட்டும் வராது” என்று சொல்லிக்கொண்டிருந்தது செருப்பு மாட்டும்போது எறும்பின் காதில் விழுந்தது. அந்த வாரத்தில் அதைக் கேட்பது அவ்வளவு சுகமாக இல்லை.

ஞாயிற்றுக்கிழமையும் போய் எழுதினாள். அன்று எண் அசையவே இல்லை. திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குப் பிறகு மறுபடி ஏறியது. நேரம் போகப்போக ஏறுகிற விஷயம் என்றால் ஞாயிற்றுக்கிழமையும் ஏறியிருக்க வேண்டும். அப்படியென்றால் யாரோ ஏதோ செய்யும்போது ஏறுகிறது. எறும்பு மணிக்கு ஒருமுறை எழுதுவதை விட்டுவிட்டு நிமிஷத்துக்கு ஒருமுறை பார்த்தாள். எண் சரிவாக ஏறவில்லை, படிப்படியாக ஏறியது. கால் மணி நேரம் சும்மா இருக்கும், திடீரென்று ஒரு படி. நடுவில் எண் கொஞ்சம் ஆடும். அந்த ஆட்டத்தைக் கழித்துவிட்டு ஒவ்வொரு படியின் உயரத்தையும் கணக்கிட்டாள். 4096. அடுத்த படி, 4096. அதற்கடுத்ததும் அதே.

பென்சில் நின்றுவிட்டது. இந்த எண்ணை இவள் எங்கேயோ எழுதியிருக்கிறாள்.

அலமாரியின் கீழ்த்தட்டிலிருந்து பழைய நோட்டை எடுத்து, புது கார்டு போட்ட தேதியைத் தேடினாள். அவள் கையெழுத்தேதான்: ‘ரிங் அளவு 256லிருந்து 4096. பெரிசா இருந்தா நல்லது.’ வருகிற செய்திகளை வாங்கிப் போட கார்டு வரிசையாக வைத்துக்கொள்ளும் காலிப் பெட்டிகளின் எண்ணிக்கை அது. அதை மாற்றச் சொல்லி யாரும் சொல்லவில்லை. இந்த மருத்துவமனைக்கு அது தேவையும் இல்லை. கார்டு அனுமதித்த உச்ச அளவை, சும்மா இருக்கட்டும் என்று அவளே போட்டாள்.

ஏசி உறுமிக்கொண்டிருந்தது. அவளுக்குக் கழுத்தில் வியர்த்தது.

கார்டின் டிரைவர், அதாவது கார்டையும் கெர்னலையும் பேசவைக்கும் நிரல், ஏதோ ஒரு சமயத்தில் 4096 புதுப் பெட்டிகளை எடுக்கிறது, பழையதைத் திருப்பி வைக்க மறக்கிறது. எந்தச் சமயத்தில்? கெர்னலின் பதிவேட்டைத் திறந்தாள். ‘இரண்டாவது போர்ட் இணைப்பு போனது, இணைப்பு வந்தது’ என்று வரிசையாக நின்றது. அந்த வரிகளை அவள் மாசக்கணக்கில் பார்த்திருக்கிறாள். கேபிள் ஆடுகிறது போல என்று கண் தாண்டிப் போயிருக்கிறது. இப்போது நேரத்தோடு ஒப்பிட்டாள். ஒவ்வொரு படிக்கும் ஒரு வரி.

கார்டில் கேபிள் சொருகும் துளைகளில் இரண்டாவதான அந்தப் போர்ட்டிலிருந்து கேபிள் நேராக லேபுக்குப் போகிறது. எறும்பு அதன் கூடவே போனாள்.

லேபில் முப்பது வருஷ அனுபவமுள்ள டெக்னீஷியன் இருந்தார். அவர் முன்னால் இரண்டு பரிசோதனை இயந்திரங்கள். கேபிள் ஒன்றுதான். அவள் நின்று பார்த்துக்கொண்டிருந்தபோதே அவர் ஓர் இயந்திரத்திலிருந்து கேபிளை உருவி அடுத்ததில் சொருகினார். முனையின் பிளாஸ்டிக் கொக்கி உடைந்து, காயத்துக்குப் போடும் பிளாஸ்திரி சுற்றியிருந்தது.

“இப்படி ஒரு நாளைக்கு எத்தனை தடவைண்ணே?”

“ஒரு தட்டு சாம்பிள் முடிஞ்சா இதுக்கு, அடுத்த தட்டு அதுக்கு. அம்பது இருக்கும். ரெண்டாவது மெஷின் வந்தப்ப இன்னொரு கேபிள் பாயின்ட் கேட்டு எழுதினேன். அது இன்னும் வந்துட்டே இருக்கு.” அவர் கண்ணாடிக்கு மேல் பார்த்தார். “ஏன் மேடம், உருவக் கூடாதா?”

“ஞாயிற்றுக்கிழமை?”

“ஞாயிறு ஒரு மெஷின்தான் ஓடும். உருவ வேலையே இல்ல.”

நாளைக்கு ஐம்பது தடவை, தடவைக்கு எட்டு மெகாபைட். நானூறு. எட்டு நாளில் காலியாக இருந்த மூன்று ஜிபியும் தீர்ந்துவிடும். கணக்கு ஒரு நூல் பிசகாமல் நின்றது. ரிங்கை 256லேயே விட்டிருந்தால் அதே காலிப் பெட்டிகள் நாலு மாசம் தாங்கியிருக்கும் என்ற கணக்கும் கூடவே வந்தது. அதையும் நோட்டில் எழுதினாள்.

அவளுடைய பழைய மேசைக் கம்ப்யூட்டரில் அதே வகை உபரிக் கார்டு ஒன்றைப் போட்டுப் பத்துத் தடவை உருவிச் சொருகினாள். பத்துப் படி. ரிங்கை 256 ஆக்கிப் பத்துத் தடவை. படி இருந்தது, ஆனால் சின்னதாக. டிரைவரை எழுதியவர்கள் ஏற்கெனவே திருத்திப் புது கெர்னலோடு வெளியிட்டிருந்ததைப் போட்டு, ரிங்கை மறுபடி 4096 ஆக்கி, முப்பது தடவை. எண் கொஞ்சம் ஆடியது, ஆனால் பழைய இடத்துக்கே திரும்பி வந்தது. விரல் நுனி சிவந்திருந்தது.

வெள்ளிக்கிழமை மதியம், வழக்கமான அந்தப் பன்னிரண்டு நிமிஷத்தில், சர்வரைப் புது கெர்னலில் எழுப்பினாள். ரிங்கைத் தொடவில்லை. பிறகு லேபுக்குப் போனாள்.

“அண்ணே, கேபிளை வழக்கம் போல உருவிச் சொருகுங்க. இன்னும் பத்து நாளைக்கு.”

“அன்னைக்கு உருவறது தப்புங்கற மாதிரி பார்த்தீங்களே?”

“நீங்க நிறுத்திட்டா, சரியானது டிரைவராலயா உங்களாலயான்னு எனக்குத் தெரியாம போயிடும்.”

“அப்ப இனிமே உருவறது என் உத்தியோகம்” என்று அவர் பிளாஸ்திரியை இறுக்கிச் சுற்றினார். “ஒவ்வொரு தடவைக்கும் ஒரு கோடு போட்டு வைக்கட்டுமா?”

“போடுங்கண்ணே.”

அவர் நிஜமாகவே போட்டார்.

அடுத்த வெள்ளிக்கிழமை பன்னிரண்டேகாலுக்கு அதிகாரியின் போன் வந்தது. “ஆஃப் பண்ணிட்டீங்களா?”

“இல்ல சார். பண்ணல. இனி பண்ண வேண்டியிருக்காதுன்னு நினைக்கறேன்.”

“நினைக்கறீங்களா? நின்னா என்ன ஆகும்னு தெரியும்ல?”

“தெரியும் சார்.”

அவர் போனை வைத்துவிட்டார். எறும்பு அன்று சாப்பாட்டு டப்பாவை மூன்று தடவை திறந்து மூடினாள். எட்டாம் நாள் எண் இருந்த இடத்திலேயே இருந்தது. ஒன்பதாம் நாள் கொஞ்சம் ஏறியது. அவள் மறுபடி நிமிஷத்துக்கு ஒருமுறை பார்த்தாள். அரை மணியில் இறங்கியது. பத்தாம் நாள் டெக்னீஷியன் தன் தாளைக் கொண்டுவந்து கொடுத்தார். நானூற்று இருபத்தாறு கோடுகள். அன்று மாலைதான் ரிங்கை 256க்கு இறக்கினாள். மறுநாள் லேபுக்கு, ஒரே கேபிளை இரண்டு இயந்திரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் ஒரு சின்ன நெட்வொர்க் ஸ்விட்சும் புதுக் கேபிள்களும் போட்டாள்.

அதிகாரிக்கு அவள் கொடுத்த அறிக்கை ஒன்றரைப் பக்கம். டிரைவரின் பிழை, லேபில் ஒரே கேபிளை மாற்றி மாற்றிச் சொருகிய வழக்கம், மூன்றாவதாக: ‘ரிங் அளவைத் தேவையில்லாமல் கூட்டியது நான். அதனால் நாலு மாசத்தில் வந்திருக்க வேண்டிய கோளாறு எட்டு நாளில் வந்தது.’

அவர் இரண்டு தடவை படித்தார். “இந்த மூணாவது வேணுமா? முதல் ரெண்டே போதும். இதைப் பார்த்தா மேல இருக்கறவங்க உங்களைத்தான் பிடிப்பாங்க. ஒப்பந்தம் வேற அங்க போகணும்.”

“இருக்கட்டும் சார். நாளைக்கு அந்த அறைக்கு வேற யாராவது வந்தா, அந்த எண் எப்படி வந்துதுன்னு தெரியணும். இல்லைன்னா மறுபடி ஏத்துவாங்க.”

அவர் பேனா மூடியை ஒருமுறை திறந்து மூடினார். பிறகு அறிக்கையை அப்படியே ஒப்பந்தக் கோப்போடு சேர்த்துக் கட்டி, மேலே ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டார். என்ன வரி என்று அவள் கேட்கவில்லை. மாசக் கடைசிக்கு முந்தின நாள் கோப்பு திரும்பி வந்தபோது படித்தாள்: ‘இவர் தொடர்வது அவசியம்.’ ஒப்பந்தத்தை ஒரு வருஷத்துக்குப் புதுப்பித்திருந்தார்கள்.

வீட்டில் அக்கா கேட்டாள், “ஒழுகறது நின்னுதா?”

“நின்னுது.”

“எவ அவ, பெட்டியைத் திருப்பி வைக்காதவ?”

“அவளைத் திருத்தியாச்சு. ஆனா அவகிட்ட ஒவ்வொரு தடவையும் நாலாயிரத்துத் தொண்ணூத்தாறு பெட்டியைத் தூக்கிக் கொடுத்தது நான்தான்.”

அக்கா ஊசியில் நூல் கோத்துக்கொண்டே, “அதை அந்த ஆபீசர்கிட்ட சொன்னியா?” என்றாள்.

“எழுதியே குடுத்தேன்.”

அக்கா நிமிர்ந்து அவளை ஒருமுறை பார்த்துவிட்டு மறுபடி துணியில் குனிந்தாள். மறுநாள் வாடிக்கையாளர்களிடம் அவள் சொன்ன கதையில் புதிதாக ஒரு பகுதி சேர்ந்திருந்தது. அதில் அந்த நாலாயிரத்துச் சொச்சம் எண் சரியாக வந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை மதியம், மூன்று வார விடுப்பு முடிந்து வந்த தலைமை நர்ஸ் பழக்கதோஷத்தில் லேப் வாசலுக்கு வந்து நின்றார். டெக்னீஷியன் கையை விரித்துக் காட்டவும், படிக்கட்டுக்குக் கீழே வந்து எட்டிப்பார்த்தார். எறும்பு டப்பாவைத் திறந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

“இன்னைக்கு அணைக்கலையா மேடம்?”

“இல்ல சிஸ்டர். எல்லாம் மேல உங்க திரையிலயே வந்திருக்கும், பாருங்க.”

“அப்ப நான் எதுக்கு ரெண்டு மாடி இறங்கி வந்தேன்?” என்றபடி அவர் திரும்பி, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மெல்லப் படியேறிப் போனார்.