இருபத்தைந்து வருஷத்துக்கு ஒரு கோரிக்கை

யுத்தம் முடிந்த மறு வருஷம், எங்கள் கம்பெனியில் எனக்கு இருபத்தைந்து வருஷம் பூர்த்தியாயிற்று. லீவு எடுத்த நாள் மொத்தம் நாற்பத்தொன்று. அதில் பதினாறு என் மாப்பிள்ளை இறந்தபோது எடுத்தது.

இருபத்தைந்து வருஷம் ஆனவர்களுக்கு அடையாறில் பெரிய துரையின் பங்களாத் தோட்டத்தில் டீ பார்ட்டி நடக்கும். மனைவியையும் அழைத்துப்போக வேண்டும். துரை கை குலுக்கி ஒரு சுவர்க் கடிகாரம் கொடுப்பார். பிறகு, "உமக்கு ஏதாவது வேண்டுமா?" என்று கேட்பார். அப்போது ஒரு கோரிக்கை வைக்கலாம். அந்த மேடையில் கேட்டதை எந்தத் துரையும் மறுத்ததில்லை.

என்னிடம் ஒரு கோரிக்கை இருந்தது. பெஜவாடா கிளைக்கு என்னை மாற்றி உத்தரவு வந்திருந்தது. என் பெண் பதினேழு வயதில் கணவனை இழந்து வந்தவள். மயிலாப்பூரில் உபாத்தியாயினி பயிற்சியில் சேர்ந்து ஒரு வருஷம் முடித்திருந்தாள். இன்னும் ஒரு வருஷம் பாக்கி. அவளைத் தனியே விட்டுப்போக எங்கள் குடும்பத்தில் யாரும் சம்மதிக்க மாட்டார்கள். ஆகையால் எனக்கு இங்கே ஒரு வருஷம் வேண்டும்.

சாந்தோமிலிருந்து வரும் டைப்பிஸ்ட், இருபது வருஷமாக என் பக்கத்து மேஜைக்காரர், அதை இங்கிலீஷில் எழுதித் தந்தார். பதினான்கு வார்த்தைகள்.

"ஐயரே, எங்க மூச்சு வாங்கணும்னு கோடுகூட போட்டிருக்கேன். பஜ்ஜியோட சேத்து முழுங்கிடாதீங்க" என்றார்.

தினமும் குளிக்கும்போது பத்துத் தரம் சொல்லிப் பார்த்தேன்.

தோட்டத்தில் அறுபத்துநான்கு நாற்காலிகள். மேடைக்கு மூன்று படிகள். அன்று மூன்று பேருக்கு விழா; நான் மூன்றாவது. முதலாமவர் தம்பிக்கு வேலை கேட்டார், கிடைத்தது. இரண்டாமவர் கண் சரியில்லை, ஜன்னலோரம் இடம் வேண்டும் என்றார், கிடைத்தது.

துரை என் கையைப் பிடித்தார். "ஏதாவது வேண்டுமா?" என்றார்.

"ஒன்றும் இல்லை, சார். எல்லாம் சௌகரியமாக இருக்கிறது" என்றேன்.

தினமும் பதினோரு மணிக்கு துரை மேஜை மேஜையாக நின்று, குறை ஏதாவது உண்டா என்று கேட்பார். இருபத்தைந்து வருஷமாக நாங்கள் எல்லோரும் சொல்லும் பதில் அது. அதே துரை, அதே குரல். வாய் அதைச் சொல்லிவிட்டது. எல்லோரும் கை தட்டினார்கள். இறங்கிப்போய் நாற்காலியில் உட்கார்ந்தேன். திரும்ப மேடையேற வேண்டும் என்று தோன்றவில்லை. எதுவுமே தோன்றவில்லை. தட்டில் இரண்டு பிஸ்கட் வைத்தார்கள், இரண்டையும் தின்றேன்.

ஜட்கா அடையாறு பாலத்தில் ஏறியபோது வண்டிக்காரன் திரும்பிப் பார்த்தான்.

"இன்னா சாமி, இம்மாம் பெரிய பொட்டி?"

"கடிகாரம். இருபத்தஞ்சு வருஷம் வேலை பார்த்ததுக்கு."

"நம்ம குதிரகூட பத்து வருசமா இஸ்துகினு கீது. அதுக்கு யாரு தரா?"

என் மனைவி சிரித்தாள். அவளுக்கு இங்கிலீஷ் தெரியாது. "துரை நன்னா சிரிச்சாரே. ஒரு வருஷம் தரேன்னுட்டாரோல்லியோ?" என்றாள்.

"நான் கேக்கலை."

"ஏன்னா?"

"ஒண்ணும் வேண்டாம்னுட்டேன்."

அவள் கடிகாரப் பெட்டியை என் பக்கம் நகர்த்தி வைத்தாள். வீடு வந்தது. வாசலில் நின்ற பெண் எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளிடமும் அதையே சொன்னேன். "சரிப்பா, காப்பி கலக்கட்டுமா?" என்றாள்.

மறுநாள் ஹெட் கிளார்க்கிடம் விண்ணப்பம் ஒன்றை எழுதிக்கொண்டுபோனேன். அவர் அதை மடித்து என் சட்டைப் பையிலேயே வைத்தார். "அத்தனை பேர் காதுபட எல்லாம் சௌகரியம்னு சொன்னீர். இப்ப இதைக் குடுத்தா, துரைகிட்டப் பொய் சொன்னீர்னு ஆகும். பேசாம ரயிலேறும்" என்றார். அவர் சொன்னது நியாயமாகவே பட்டது.

நாங்கள் மூவரும் பெஜவாடாவுக்குப் புறப்படப் பதினெட்டு நாள் இருந்தது. ஞாயிறு இரண்டு போக, பதினாறு நாளும் என் பெண் பயிற்சிக்குப் போனாள். கடைசி நாள் அவள் மூன்றாம் வகுப்புக்குக் கணக்குப் பாடம் நடத்த வேண்டிய முறை. அதற்கு முந்தின நாள் சாயங்காலமே உட்கார்ந்து அதற்கான குறிப்பு எழுதினாள். நான்கு பக்கம். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.