கடலில்லாத ஊரில் படகு சீட்

கடலே இல்லாத தில்லியில் அலையடிக்கு மருந்து விற்ற பிழைப்பு என்னுடையது. வேகப்படகு அலைமேல் ஏறி விழும்போது முதுகெலும்பில் இடி இறங்கும். அதைத் தான் வாங்கிக்கொள்ளும் ஸ்பிரிங் வைத்த சீட்தான் என் சரக்கு. சர்க்கார் வராந்தாக்களில் கால் கடுக்க நின்றவர்களே, மீதி உங்களுக்கே தெரியும்.

ஃபைல் போன இடம்

தொண்ணூறுகளின் கடைசி. ரோந்துப் படகுகளுக்கு சாமான் வாங்கும் ஆபீசில் என் ஃபைலை நாலு மாதம் காணோம். கரோல் பாக் ரூமிலிருந்து தினமும் காலில் வெந்நீர் கொட்டிக்கொண்டவன் மாதிரி ஓடினேன். கடைசியில் மேஜை, பீரோ வாங்கும் செக்‌ஷனில் அகப்பட்டது. உட்காருகிற சாமான் எல்லாம் அவர்கள் இலாகாவாம். அங்கே ஆபீசர் சர்மாஜி விதிப்புத்தகத்தைப் புரட்டிவிட்டுச் சொன்னார்:

"படகு ஓட்டுறவன் கிரேடுக்குக் கை வச்ச நாற்காலியே கிடையாது பாயி சாஹப். நீங்க ஸ்பிரிங் வேற கேக்கறீங்க."

கார்ப்பெட் மேல் சோதனை

சாமானைச் சோதிக்கும் கமிட்டி கூப்பிட்டது, சீட் சாம்பிளைத் தூக்கிக்கொண்டு போனேன். கமிட்டியில் ஐந்து பேரும் அதில் முறைபோட்டு உட்கார்ந்து டீ குடித்தார்கள். கடலுக்குக் கொண்டுபோய்ப் பாருங்கள் என்று கெஞ்சினேன். தலைவர் கப்பைக் கீழே வைத்தார்.

"அச்சா, சௌகரியமா இருக்கு. ஆனா இங்க அலை இல்லையே, என்னன்னு எழுதறது?"

பெஞ்சில் உட்கார முடியாதவர்

வெளியே வராந்தாவில் ஒருவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். செல்வராஜ், தூத்துக்குடிக்காரர், பதினோரு வருஷம் ரோந்துப் படகு ஓட்டியவர். முதுகு போய்விட்டது. மெடிக்கல் போர்டுக்காக வந்து கிட்வாய் நகரில் சொந்தக்காரர் வீட்டில் தங்கியிருந்தார். சாம்பிளில் உட்காரச் சொன்னேன். மெல்ல உட்கார்ந்து, ரெண்டு தரம் அழுத்திப் பார்த்தார். அதுவரை என் கமிஷனை மட்டுமே நினைத்திருந்த எனக்கு வெட்கமாக இருந்தது.

"எனக்கு முடிஞ்சு போச்சு சார். இப்ப எம் மச்சினன்தான் அந்தப் படகை ஓட்டுதான். அவனுக்காவது இது கெடைக்குமா?"

ஆர்டர்

அதன்பிறகு எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. தினம் சர்மாஜி எதிரில் போய் நின்றேன். ஒரு வருஷம் கழித்து ஆர்டர் வந்தது: படகுக்கு ஒரு சீட், ஆபீசர் கிரேடுக்கு மட்டும். ஆபீசர் படகில் ஏறுவதோ வருஷத்துக்கு ஒரு இன்ஸ்பெக்‌ஷனுக்கு. இது அநியாயம் என்று கத்தியே விட்டேன். சர்மாஜிக்கு நிஜமாகவே மனசு நொந்துவிட்டது.

"உங்களுக்காக ரூல்ஸ்ல இடம் தேடிக் கண்டுபிடிச்சேன், மிட்டாய் கூட வாங்கித் தரலையே."

எஸ்.டி.டி. பூத்

சீட் போய்ச் சேர்ந்ததும், தூத்துக்குடிக்கே திரும்பியிருந்த செல்வராஜுக்கு போன் போட்டேன். மச்சினன் எப்படி இருக்கிறார் என்று கேட்டேன்.

"சீட்டு வந்துட்டு சார். வெள்ளை டவல் போட்டு வச்சிருக்காவ, யாரும் உக்காரக் கூடாதாம். பக்கத்துல பழைய பலகையிலதான் அவன் ஓட்டுதான். நேத்திலேருந்து அவனும் முதுகைப் புடிக்கான்."

அலைக்கு மட்டும் யார் எந்த கிரேடு என்று இன்னும் தெரியவில்லை. தில்லியிலிருந்து அதற்கு சர்க்குலர் போகவில்லை போலிருக்கிறது.