கரையேற ஒரு கரண்டி

மிதவைச் சட்டையின் பட்டையை மூன்று முறை இழுத்துப் பார்த்துவிட்டு, முதுகுப்பக்கம் இருக்கும் கைப்பிடியைப் பிடித்து நாயைத் தரையிலிருந்து ஒரு சாண் தூக்குகிறார் தண்ணிக்காரர். இது என்ன புதுக் கூத்து என்பதுபோல் நாய் அந்தரத்தில் நான்கு கால்களையும் உதறுகிறது. சட்டை நழுவவில்லை. "சரி, இப்போ நீ இறங்கலாம்" என்கிறார். நேற்றும் அதே சட்டையைப் போட்டுக்கொண்ட நாயாக இருந்தாலும் இந்தச் சோதனையிலிருந்து விலக்கு கிடையாது. குளத்துக் கதவின் தாழ்ப்பாளுக்கும் மூன்று இழுப்பு உண்டு.

வெளியூர் போகிறவர்கள் தங்கள் நாய்களை விட்டுச் செல்லும் விடுதி அது. பின்புறம் இருக்கும் நீச்சல் குளத்துக்கு இவர் பொறுப்பு. அதனால் எல்லோருக்கும் தண்ணிக்காரர். டீகூடக் குடிக்காத மனிதருக்கு இப்படியொரு பெயரா என்று, அங்கேயே அவரோடு குடியிருந்து நாய்களுக்குச் சமைக்கும் அவர் மனைவிக்குத் தீராத மனக்குறை.

"நாய்னா நீந்தத்தானே செய்யும்" என்று யாராவது வாயை விட்டால் போச்சு, கதவருகிலேயே நிறுத்திவைத்துப் பாடம் எடுத்துவிடுவார். "நீந்தும்ங்க, யாரு இல்லேன்னா? எங்க ஏறணும்னு தெரியாம சுவத்தைப் பிராண்டிக்கிட்டே நீந்தும். களைச்சுப் போற வரைக்கும் நீந்தும். இறங்குறது பெரிய வித்தையில்ல. ஏறத் தெரியணும்."

ஆகவே அவரிடம் வரும் எந்த நாயும் முதல் நாள் நீந்துவதில்லை. இடுப்பளவுத் தண்ணீரில் நின்று, நாயின் முன்னங்கால்களைப் படியில் வைத்துக் கையை எடுத்துவிடுவார். ஏறிவிட்டால் அடுத்த முறை ஒரு முழம் தள்ளி நின்று விடுவார். பிறகு நடுக்குளம், பிறகு எதிர்ச்சுவர். பத்து முறை தானாக ஏறினால்தான் தேர்ச்சி. சப்பை மூக்கு நாய் ஒன்று நான்காம் முறை ஏறியதும் நேராகச் சமையலறை வாசலில் போய்ப் படுத்துக்கொண்டது. படிப்பு போதும் என்று முடிவு செய்துவிட்டதாம்.

இந்த ஞானம் அவருக்குச் சும்மா வந்துவிடவில்லை. வேலைக்கு வந்த புதிதில், படி இருக்கும் இடம் தெரியட்டும் என்று அதன் கம்பியில் சிவப்புத் துணியைக் கட்டியிருந்தார். குட்டி நாய் ஒன்று அந்தத் துணியைத் தாண்டிப் போய் எதிர்ச்சுவரைப் பிராண்டத் தொடங்கிவிட்டது. போட்டிருந்த சட்டை, செருப்பு, பையிலிருந்த செல்போனோடு குதித்து அதைத் தூக்கினார். சிவப்பு, நாயின் கண்ணுக்கு மங்கலாகத்தான் தெரியும் என்று கால்நடை மருத்துவர் சொன்ன பிறகே விஷயம் விளங்கியது. "பளிச்சுனு தெரிஞ்சது எனக்குத்தானே, அதுக்கா?" என்று இப்போதும் தலையில் அடித்துக்கொள்வார். இன்று படிகளுக்கெல்லாம் மஞ்சள் பெயின்ட்.

மஞ்சளும் பயன்படாத ஒருத்தி அவர் வீட்டிலேயே இருந்தாள். பன்னிரண்டு வயது நாய், செல்லப் பெயர் கிழவி. தண்ணீர் என்றால் உயிர். இந்த வருடம் இரண்டு கண்களிலும் பால்போல் படலம் படர்ந்துவிட்டது.

"கண்ணு போனப்புறம் என்னங்க குளம்? ஒருநாள் நீங்க அசந்தா போதும். கட்டிப் போட்டுடுங்க" என்றார் மனைவி. கல்நெஞ்சில் வந்த பேச்சல்ல. புட்டிப்பாலூட்டி அதை வளர்த்தவரே அவர்தான். தண்ணிக்காரருக்கும் பயம்தான். ஆனால் குளத்துக் கதவில் மூக்கை வைத்துத் தண்ணீரை மோந்தபடி அது நிற்பதைப் பார்க்க அவருக்கு மனசு தாங்கவில்லை.

அப்போதுதான் ஒன்றைக் கவனித்தார். மனைவி கரண்டியால் பாத்திர விளிம்பைத் தட்டினால், கிழவி எங்கிருந்தாலும் எதிலும் முட்டிக்கொள்ளாமல் வந்து நிற்கிறது. மறுநாளிலிருந்து சமையலறைக் கரண்டி மத்தியானங்களில் காணாமல் போகத் தொடங்கியது.

"கரண்டிக்குக் கால் முளைச்சிடுச்சா?" என்று தேடிக்கொண்டு மனைவி ஒருநாள் குளத்துக்கே வந்துவிட்டார். கையில் அன்று காலை வாங்கிய புதுக் கயிறு. நடுக்குளத்தில் மிதவைச் சட்டையோடு கிழவி. படியில் உட்கார்ந்து கம்பியைக் கரண்டியால் தட்டிக்கொண்டிருந்தார் கணவர். சுவரில் பட்டு எதிரொலித்த சத்தத்தை நம்பி, கிழவி எதிர்ப்பக்கம் திரும்பியது.

"ஐயோ, அங்க போகுதுங்க. பிடிங்க அதை."

"இரு."

அவருடைய ஒரு கால் ஏற்கெனவே அடுத்த படிக்கு இறங்கியிருந்தது. இம்முறை கரண்டியைத் தண்ணீருக்குப் பக்கத்தில் தாழ்த்தி, விட்டு விட்டுத் தட்டினார். கிழவியின் ஒரு காது நிமிர்ந்தது. மெல்லத் திரும்பி நேரே நீந்தி வந்தது. முன்னங்காலால் படியைத் துழாவி, ஏறி, உடம்பைச் சிலிர்த்து இருவரையும் நனைத்தது.

"எத்தனை நாளா நடக்குது இது?"

"பதினோரு நாளா. இன்னைக்குத்தான் நடுக்குளம்."

"பதினோரு நாளா நான் கரண்டி தேடுறேன்."

அவர் கரண்டியை நீட்டினார். மனைவி வாங்கித் துண்டில் துடைத்தார். பிறகு குனிந்து, கொண்டுவந்த கயிற்றால் அதைப் படிக்கம்பியோடு சேர்த்துக் கட்டினார்.

"எனக்கு வேற கரண்டி வாங்கிட்டு வாங்க. நல்ல நீளமா."

பழக்க தோஷத்தில் தண்ணிக்காரரின் கை அந்த முடிச்சை இழுத்துப் பார்க்க நீண்டது. பாதியில் நின்றது. கையைத் திருப்பிக்கொண்டு, கிழவியின் ஈரக் காதுகளைத் துடைக்க ஆரம்பித்தார்.