நிறுத்தக் கூடாத சர்வர்

என் அம்மாவே இதை நம்பவில்லை. நீங்களும் நம்ப வேண்டாம். ஆனால் நடந்தது.

நான் ஒரு மருத்துவமனையின் கணினிப் பிரிவில் வேலை செய்கிறேன். நோயாளிகளின் விவரம் முழுக்க ஒரே சர்வரில் இருக்கிறது. அது இருப்பது தரைக்குக் கீழே, ஜன்னலில்லாத அறையில். வருடக்கணக்காக விண்டோஸில் ஓடிய தரவுத்தளத்தை அந்த வாரம்தான் லினக்ஸ் என்ற வேறொரு இயங்குதளத்துக்கு மாற்றியிருந்தோம். புதியதற்கு இன்னும் பேக்கப், அதாவது காப்புப் பிரதி, எடுக்கத் தொடங்கவில்லை. ஞாயிறு மதியம். நானும் சீனியர் அண்ணாவும் மட்டும்.

விண்டோஸ் மாமியார் மாதிரி, எதைத் தொட்டாலும் ஏன், எதற்கு என்று கேட்கும், லினக்ஸ் வாயே திறக்காது என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே அண்ணா சோதனைக் கோப்புகளை அழித்தார்.

அவை சோதனைக் கோப்புகள் அல்ல.

ஓடிக்கொண்டிருந்த தரவுத்தளத்தின் கோப்புகள். விண்டோஸ் என்றால், பயன்பாட்டில் இருக்கிறது, அழிக்க முடியாது என்று மறுத்திருக்கும். அந்தப் பழக்கத்தில் சரிபார்க்காமல் தட்டிவிட்டார். லினக்ஸ் மறுக்கவில்லை.

ஒரு வழி இருந்தது. லினக்ஸில் பெயர் அழிந்தாலும், தரவுத்தளம் ஓடும்வரை கோப்பு உள்ளே உயிரோடு இருக்கும். பிரதி எடுத்துவிடலாம். அதற்குள் சர்வர் நின்றால், எந்த நோயாளிக்கு என்ன மருந்து, எவ்வளவு என்று மாடியில் ஒருவருக்கும் தெரியாது.

புதிதாக எதுவும் பதிவாகாமல் தடுத்துவிட்டு, பிரதியைத் தொடங்கினேன்.

அப்போது சர்வர் இருந்த இரும்பு அலமாரியின் கதவு தானாகத் திறந்தது. க்ரீச்... உள்ளே பவர் கேபிள் மெல்ல வெளியே நகர்ந்தது. யாரும் இழுக்கவில்லை.

அண்ணா பாய்ந்து கேபிளை உள்ளே அழுத்தினார். கதவு அவர் மணிக்கட்டில் அறைந்தது. படார். மறுபடி படார். எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது.

"நீ பிடி. விட்றாத" என்று சொல்லிவிட்டுச் சரிந்தார்.

பிடித்தேன். பின்னாலிருந்து ஒரு கை என் முடியைக் கொத்தாகப் பற்றியது. தலையை இரும்பில் மோதியது. கண்ணுக்குள் ரத்தம் இறங்கியது.

மறுபடி மோதியது.

நான் விடவில்லை.

இழுத்தது... தோல் கிழிந்தது...

பிரதி முடிந்ததென்று திரையில் வந்தது.

பிடி தளர்ந்தது. திரும்பிப் பார்த்தேன். யாருமில்லை.

விவரம் ஒன்றும் தொலையவில்லை. அண்ணாவின் மணிக்கட்டில் தகடு வைத்தார்கள். என் தையலைப் பிரித்த அன்று, தீவிர சிகிச்சைப் பிரிவு நர்ஸ் அக்கா பேச்சுவாக்கில் ஒன்று சொன்னார். அங்கே ஒருவர் வருடக்கணக்கில் மூச்சு இயந்திரத்தில் கிடக்கிறாராம். எங்களுக்கு முன்னால் அந்தச் சர்வரைப் பார்த்துக்கொண்டவர். விரல்கூட அசைந்ததில்லை. அந்த ஞாயிறு மதியம் அவருடைய வலது கை இறுக மூடிக்கொண்டதாம்.

"ரெண்டு பேரா சேர்ந்துதான் பிரிச்சோம்மா. உள்ள நீள நீளமா முடி... வேரோட."